அம்மாவுக்குக் கிடைத்த ஆறு நிமிடம்

2017-இல் நாங்கள் வீடு வாங்கியபோது கையில் கொடுத்த வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. எங்கள் சாலைக்கு எதிரே கிடந்த மேய்ச்சல் நிலத்தின் அந்தப் பக்க ஓரமாக அது ஓடியது. "அதுதான் சிட்டி லிமிட். நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், சிட்டி வரி கிடையாது" என்றார் ஏஜென்ட். எங்களுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. டெக்சாஸின் நடுவில் ஹில் கன்ட்ரி என்று சொல்லும் சுண்ணாம்புக்கல் மேட்டுப் பூமி, ஒரு சின்ன ஊரின் விளிம்பு, இரண்டு ஏக்கர். ஓக் மரங்கள், ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு சிறு வீடு. அம்மா வந்தால் தங்கலாம் என்று அந்தச் சிறு வீட்டைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன்.

அந்தப் புள்ளிக்கோடு நகரக்கூடியது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஏழு வருஷம் கழித்து அது நகர்ந்து எங்கள் வாசலுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அந்தச் சில மாதங்களில் நாங்கள் கோட்டை விட்டது எங்கே, பிடித்துக்கொண்டது எங்கே என்று எழுதி வைக்கிறேன். நான் சொல்வது டெக்சாஸ் சட்டம். மற்ற மாநிலங்களில் விதி வேறு. ஆனால் ஊர் ஓரத்தில் வீடு வாங்கும் நம்மவர்கள் எல்லாரும் ஒருநாள் இதே கேள்விகளைக் கேட்க வேண்டி வரும்.

முதலில் அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் வளையத்தைப் பற்றி. எக்ஸ்ட்ரா டெரிட்டோரியல் ஜூரிஸ்டிக்ஷன், சுருக்கமாக ஈ.டி.ஜே. என்பார்கள். நகரத்தின் மக்கள்தொகை 5,000-க்குக் கீழ் என்றால் அரை மைல், 5,000-லிருந்து 25,000-க்குள் என்றால் ஒரு மைல், அப்படியே ஏறி ஒரு லட்சம் ஆனால் 5 மைல் வரை இந்த வளையம் விரியும். எங்கள் ஊர் ஒரு மைல் கணக்கு. இந்த வளையத்துக்குள் நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு நகரம் விதி போடலாம். பிரித்த மனையில் வீடு கட்டுகிறார்களா, கல்யாண மண்டபம் கட்டுகிறார்களா, வார வாடகைக்கு, அதாவது சில நாள் தங்கிப் போகிறவர்களுக்கு, விடுகிறார்களா என்பதில் தலையிட முடியாது. நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்கும் இந்த மாநிலத்தில் பொதுவாக ஜோனிங் அதிகாரம், அதாவது எந்த நிலத்தில் எது வரலாம் என்று வகுக்கும் அதிகாரம், இல்லை. சிட்டி வரி இல்லை என்று சந்தோஷப்பட்ட அதே இடத்தில், பக்கத்து நிலத்தில் எது வந்தாலும் கேட்பதற்கு ஆளும் இல்லை.

அது 2021-இல் புரிந்தது. எதிர் நிலத்தின் மூலையில் இருந்த மூன்று படுக்கையறை வீட்டை ஒருவர் வாங்கி, ஏர்பிஎன்பி என்ற தங்குமிட வாடகைத் தளத்தில் போட்டார். விளம்பரத்தில் 16 பேர் தங்கலாம் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு வண்டிகள் வரும், ஞாயிறு மத்தியானம் போகும். வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால் கூடிக் கொண்டாட வரும் இளைஞர்கள், ஒயின் தோட்டம் பார்க்க வரும் குடும்பங்கள். ஆனால் இரவு ஒரு மணிக்குப் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்றால் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் வேறு ஊரில். கவுண்டியில் சத்தத்துக்கென்று தனி விதி இல்லை. ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்தால் வந்த டெபுடி பொறுமையாக விளக்கினார்: மாநிலக் குற்றவியல் சட்டப்படி 85 டெசிபலைத் தாண்டினால்தான், அதுவும் ஒருமுறை எச்சரித்த பிறகுதான், அளவு மீறிய சத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் படுக்கையறை ஜன்னலில் அது அந்த அளவுக்கு வராது. தூங்க விடாமல் செய்ய அதில் பாதி போதும்.

அதைவிட என்னை உறுத்தியது செப்டிக் டேங்க். இங்கே செப்டிக் அமைப்பைப் படுக்கையறை எண்ணிக்கையையும் வீட்டின் பரப்பையும் வைத்து வடிவமைக்கிறார்கள். மாநில விதியில், 2,500 சதுர அடிக்குக் குறைவான மூன்று படுக்கையறை வீட்டுக்கு, தண்ணீர் சிக்கனக் குழாய்கள் இருந்தால், நாளைக்கு 240 கேலன் என்று கணக்கு. நம் கணக்கில் சுமார் 900 லிட்டர். 16 பேர் இரண்டு நாள் குளித்துத் துவைத்தால் அது என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று எங்கள் பக்கம் வீசினால் தெரிந்துவிடும். எங்கள் கிணறு அங்கிருந்து அதிக தூரமில்லை. கவுண்டியில் செப்டிக் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். இதில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன்: சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னால் அண்டை வீட்டுச் சண்டை என்று நினைக்கிறார்கள், கழிவுநீரைப் பற்றிச் சொன்னால் ஆய்வாளர் வருகிறார். வந்து பார்த்து, வடிகால் பகுதியைச் சரிசெய்யச் சொன்னார். விளம்பரத்தில் 16 என்பது 10 ஆனது.

இங்கே நாங்கள் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணம் எங்கள் பகுதி வழியாகப் போனது. சுற்றுவட்டாரத்தில் ஓர் அறைகூடக் காலி இல்லை. அம்மா ஊரில் இருந்தார், பின்கட்டு வீடு சும்மா கிடந்தது. நாங்களும் நான்கு நாளைக்கு ஏர்பிஎன்பியில் போட்டோம். நல்ல பணம் வந்தது, வந்த வயதான தம்பதியும் அருமையான மனிதர்கள். சில மாதம் கழித்து நகரத்திலிருந்து கடிதம்: ஹோட்டல் வரி கட்டவில்லை. 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு மாநிலத்துக்கு 6 சதவீதம், அதை ஏர்பிஎன்பியே பிடித்துக் கட்டிவிடுகிறது. நகரத்தின் பங்கு 7 சதவீதம் வரை. நாங்கள் நகரத்துக்கு வெளியேதானே இருக்கிறோம் என்று நினைத்திருந்தோம். 35,000-க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்கள் ஈ.டி.ஜே. வளையத்திலும் இந்த வரியைப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. அபராதத்தோடு கட்டினோம். வீட்டின் ஒரு மூலையை ஒரே ஒரு வாரக்கடைசிக்கு விட்டாலும் முதலில் நகர அலுவலகத்துக்குப் போன் செய்து வரியைக் கேட்டுவிடுங்கள். அந்த ரசீது பின்னால் எனக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் அம்மா வந்தார். அக்டோபரில், சாலை ஓரத்தில் அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குதிரை வளர்க்கும் பெரியவர் வண்டியை நிறுத்தி, "எதிர் நிலம் முழுவதையும் அவர் வாங்கிவிட்டார், தெரியுமா?" என்றார். மூலை வீட்டுக்காரர்தான். 38 ஏக்கர். 42 சிறு காட்டேஜ்கள், நடுவில் நீச்சல் குளம், நிகழ்ச்சிக்கூடம். எல்லாம் வார வாடகைக்கு.

அதற்கு அவருக்கு நகரம் தேவைப்பட்டது. 42 காட்டேஜின் கழிவுநீரைச் சாதாரண செப்டிக்கில் விட முடியாது. நாளைக்கு 5,000 கேலனுக்கு மேல் போனால் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் தனி அனுமதி வாங்கிச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும். அதைவிட நகரத்தின் சாக்கடைக் குழாயில் சேர்ந்துகொள்வது மலிவு. அப்படிச் சேர எங்கள் நகரம் கேட்கும் விலை, நிலத்தை நகர எல்லைக்குள் கொண்டுவருவது. அதனால் அவரே விண்ணப்பம் கொடுத்தார்.

இந்தக் கட்டத்தில் நான் தவறான முடிவுக்கு வந்தேன். டெக்சாஸில் ஒரு காலத்தில் பெரிய நகரங்கள் நில உரிமையாளரைக் கேட்காமலேயே இணைத்துக்கொள்ள முடிந்தது. 2017-இல் அதற்குக் கடிவாளம் போட ஆரம்பித்து, 2019 மே மாதம் வந்த சட்டத்தோடு மாநிலம் முழுவதும் அநேகமாக முடித்துவிட்டார்கள். இப்போது உரிமையாளர் கேட்க வேண்டும், இல்லையென்றால் அங்கே இருப்பவர்கள் மனு கொடுக்கவோ வாக்களிக்கவோ வேண்டும். இதைப் படித்துவிட்டு, "அவர் நிலம், அவர் கேட்கிறார், நகரம் சம்மதிக்கிறது, நமக்கு இதில் என்ன வேலை" என்று விட்டுவிட்டேன். நவம்பரில் இணைப்புக்கான பொது விசாரணை நடந்தது. அஜெண்டாவில் எந்த சர்வே, எந்த எண், எத்தனை ஏக்கர் என்று மட்டும் இருந்தது. சாலைப் பெயர் இல்லை, காட்டேஜ் என்ற சொல் இல்லை. யாரும் போகவில்லை. ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது.

அப்புறம்தான் சட்டப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் படித்தேன். உரிமையாளர் கேட்டதற்காக நகரம் இணைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாட்டேன் என்று சொல்லலாம். இணைப்புக்கு முன்னால் இரு தரப்பும் சேவை ஒப்பந்தம் எழுத வேண்டும். அதோடு, எது எங்கே வரும், சாலை எப்படி, எத்தனை கட்டடம் என்று வளர்ச்சி ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளலாம். நகரத்தின் கையில் துருப்புச் சீட்டு இருப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். குழாய் கேட்டு வருகிறவரிடம் அப்போது எதையும் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் போய் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒரு நிலத்தை இணைக்க ஆரம்பிக்கும் நாளில் அங்கே சட்டப்படி நடந்துகொண்டிருந்த பயன்பாட்டை, இணைத்த பிறகு நகரம் தடுக்கக் கூடாது. எங்கள் நகரத்தில் குடியிருப்புப் பகுதிகளில் வார வாடகைக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த மூலை வீட்டுக்கு அது பொருந்தாது. 2021-இலிருந்து ஓடுகிறது, அது தொடரும். உங்கள் பக்கத்தில் இணைப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால், அதற்கு முந்தைய சில மாதங்களில் அங்கே புதிதாக என்ன ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் ஒருநாள் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏன் பாப்பா, நம்ம ஊரை நகராட்சியோட சேக்கப் போறாங்கன்னு தம்பி போன்ல சொன்னானே, அது மாதிரியா?" என்றார். அதே சமயம்தான். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்புகள் வந்து, ஊருக்கு ஊர் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரிலும் அதே பேச்சு. நூறு நாள் வேலை ஊராட்சிக்குத்தான், நகராட்சி ஆனால் போய்விடும். வீட்டு வரி ஏறும். "இங்க நிலத்துக்காரன் கேட்டாத்தான் சேப்பாங்கம்மா" என்றேன். "அப்ப பக்கத்து நிலத்துக்காரன்?" என்று கேட்டார். அவனைக் கேட்பதில்லை என்று சொன்னேன். "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கீரையை நறுக்க ஆரம்பித்தார்.

ஜனவரியில் ஜோனிங் வந்தது. புதிதாகச் சேர்ந்த நிலத்தை எங்கள் நகரம் முதலில் விவசாய ஜோனில் வைக்கும். அதை வணிக ஜோனாக மாற்றத் திட்டக் குழுவில் ஒரு விசாரணை, பிறகு நகரக் கவுன்சிலில் ஒரு விசாரணை. 200 அடிக்குள் நிலம் உள்ளவர்களுக்குப் பத்து நாளுக்கு முன்பே கடிதம் வர வேண்டும். புள்ளிக்கோட்டுக்கு உள்ளே இருந்த மூன்று பேருக்கு வந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு வரவில்லை. நகரத்தின் வரிப் பட்டியலைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார்கள். நகர வரி கட்டாத எங்கள் பெயர் அதில் எப்படி இருக்கும்? உள்ளே இருந்த ஓர் அம்மையார் தன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியதால்தான் தெரிந்தது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் நகரத்தின் அஜெண்டாவைத் தாங்களே போய்ப் பார்க்க வேண்டும். நான் இப்போது வாரம் ஒருமுறை பார்க்கிறேன். எங்கள் நிலத்தின் சர்வே பெயரையும் எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அஜெண்டாவில் அப்படித்தான் வரும். அஜெண்டாவோடு சேர்த்துப் போடும் கோப்பையும் திறந்து பாருங்கள். அதிகாரிகளின் குறிப்பு, வரைபடம், போக்குவரத்துக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கும்.

உடனே எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் போட்டோம். இருபது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரே கோரிக்கை: வார வாடகையையே தடை செய்ய வேண்டும். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் இரண்டு இரவு உட்கார்ந்து படித்ததில் அந்த வழி எங்கேயும் போகாது என்று தெரிந்திருந்தது. உரிமையாளர் குடியிருக்காத வீடுகளில் வார வாடகையை ஒழிக்க ஆஸ்டின் நகரம் போட்ட விதியை 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. உள்ளூர்க்காரர்கள் மட்டுமே விடலாம் என்று நியூ ஆர்லியன்ஸ் வைத்த நிபந்தனையை 2022-இல் ஐந்தாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. டெக்சாஸும் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது. பத்திரத்தில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். சான் ஆன்டோனியோவின் டிம்பர்வுட் பார்க் வழக்கில் 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம், வாடகைக்கு வந்தவர் அங்கே தூங்கிச் சமைத்துச் சாப்பிட்டால் அதுவும் குடியிருப்புப் பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டது. அதே சமயம் ஆர்லிங்டன் நகரம், விளையாட்டு அரங்குகளைச் சுற்றிய ஒரு பகுதியை வரையறுத்து, வீட்டுப் பகுதிகளில் வார வாடகை அங்கே மட்டும் என்று வைத்தது. அதை நிறுத்தி வைக்க நீதிமன்றம் மறுத்தது. அதாவது எங்கே, எத்தனை பேர், யார் பொறுப்பு என்று கேட்டால் நிற்கும். கூடவே கூடாது என்றால் நிற்பது கஷ்டம்.

"ஹோட்டல் வரி நிறைய வரும், நம் சாலையைப் போட்டுக்கொள்ளலாம்" என்று வேறு சிலர் திட்டத்தை ஆதரித்தார்கள். அதுவும் நடக்காது. மாநிலச் சட்டப்படி அந்தப் பணம் சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் வளர்ப்பதற்குத்தான். பட்டியலில் உள்ள இனங்களுக்கு மட்டுமே செலவழிக்கலாம். எங்கள் சாலைக் குழிக்கு அதில் ஒரு டாலர் வராது.

திட்டக் குழுவில் நான்குக்கு மூன்று என்று ஆதரவாக ஓட்டு விழுந்தது. எல்லாரும் தோற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். திட்டக் குழு சொல்வது பரிந்துரைதான், முடிவு கவுன்சிலுடையது. எங்களுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில்தான் உண்மையான வேலை நடந்தது. அப்போதிருந்த சட்டப்படி, மாற்றம் கேட்கும் நிலத்தைச் சுற்றி 200 அடிக்குள் உள்ள பரப்பில் 20 சதவீதத்துக்கு உரிமையாளர்கள் கையெழுத்திட்டு ஆட்சேபித்தால், கவுன்சிலில் சாதாரணப் பெரும்பான்மை போதாது, முழு உறுப்பினர் எண்ணிக்கையில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். எங்கள் கவுன்சிலில் மேயரோடு ஐந்து பேர். நான்கு ஓட்டு தேவைப்படும். ஒருவர் ஆன்லைனில் 600 கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அதற்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. கணக்கு தலையில் இல்லை, சதுர அடியில். புள்ளிக்கோட்டுக்கு உள்ளே அந்த நிலத்தை ஒட்டி நீளமாக வேலி வைத்திருந்த இருவர் கையெழுத்துப் போட்டாலே 20-ஐத் தாண்டும். ஒருவர் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிய அம்மையார். இன்னொருவர் ஆடு வளர்ப்பவர், கூட்டம் என்றாலே விலகிப்போகிறவர். அவர் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அம்மாவும் வந்தார். அவர்கள் இரண்டு பேரும் ஆட்டுக்குட்டியைப் பற்றி, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், அரைமணி நேரம் பேசினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். (2025 செப்டம்பரிலிருந்து இந்த விதி மாறிவிட்டது. வீடுகளை அதிகம் அனுமதிக்கும் மாற்றங்களுக்கு 60 சதவீதம் வேண்டும். உங்கள் விஷயம் எந்த வகை என்று முதலில் நகரச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள்.)

ஆட்சேபம் பதிவான மறுநாளே மூலை வீட்டுக்காரருடைய பொறியாளரிடமிருந்து போன் வந்தது. உட்கார்ந்து பேசலாமா என்று. அதுவரை எங்கள் மின்னஞ்சல் ஒன்றுக்கும் பதில் இல்லை.

கவுன்சில் கூட்டம் பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஒருவருக்கு மூன்று நிமிடம். "நானும் பேசுறேன்" என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். பகல் முழுக்க வீட்டில் இருந்தது அவர்தான், அந்த மூலை வீட்டை எங்கள் எல்லாரையும்விட அதிகம் பார்த்தவர். 2019-இல் வந்த ஒரு சட்டம், அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் பொதுமக்கள் கவுன்சில் முன் பேசலாம் என்கிறது. குடியுரிமையைக் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இதை நகரச் செயலருக்கு இரண்டு நாள் முன்பே எழுதி உறுதி செய்துகொண்டேன். அம்மாவுக்கு ஆறு நிமிடம்.

அவர் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு மைக் முன் நின்றார். "எனக்கு வர்றவங்க மேல கோவம் இல்லைங்க. எங்க ஊரும் பழனி போற வழிதான். தைப்பூசத்துக்கு நடந்து போறவங்க எங்க திண்ணையில படுத்துத்தான் போவாங்க. ஆனா திண்ணைக்குப் பின்னால நாங்க இருப்போம். யாருக்காவது முடியலைன்னா கதவைத் தட்டுவாங்க. இங்க அந்த வீட்டுல கதவைத் தட்டினா தொறக்க ஆளில்ல. ஒருநாள் ஒரு பொண்ணு கால் சுளுக்கி எங்க வீட்டுக்கு நொண்டிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்காரருக்கு அடிச்சா எடுக்கல. நான்தான் ஐஸ் வச்சு விட்டேன். நாப்பத்திரெண்டு வீடு கட்டுங்க, ஒரு வீட்டுல ஆள் இருக்கட்டும்." நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ஒரு கவுன்சில் உறுப்பினர் என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டையும் ஏர்பிஎன்பியில் விட்டிருக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார். ஆமாம், கிரகணத்துக்கு நான்கு நாள், வரி கட்டிய ரசீது இதோ என்றேன். மறைத்திருந்தால் அந்த அறையில் எங்கள் பக்கம் முழுவதும் சரிந்திருக்கும். "விடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் விட்டபோது பின்கட்டில் அவர்கள், முன்கட்டில் நாங்கள். அதைத்தான் அம்மா கேட்கிறார்" என்றேன்.

கடைசியில், வெறும் வணிக ஜோனுக்குப் பதிலாக நிபந்தனைகளோடு கூடிய திட்டமிட்ட வளர்ச்சிப் பகுதி என்று நான்குக்கு ஒன்று ஓட்டில் நிறைவேறியது. காட்டேஜ் 42-லிருந்து 30. நிகழ்ச்சிக்கூடம் இல்லை. வாகனங்கள் மாநில நெடுஞ்சாலை வழியாகத்தான் வர வேண்டும், எங்கள் குறுகிய சாலையில் அவசர வழி மட்டும். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது. வளாகத்தில் 24 மணி நேரமும் ஒரு பொறுப்பாளர் தங்கியிருக்க வேண்டும், அவருடைய எண் வாசல் பலகையில். குதிரைக்காரப் பெரியவர் ஒன்று கேட்டிருந்தார்: ஓடை தரைப்பாலத்தில் தண்ணீர் வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று ஒவ்வொரு காட்டேஜிலும் படம் மாட்ட வேண்டும். அதைச் சின்ன விஷயம் என்று பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. அந்த வருஷம் ஜூலை 4 விடியற்காலையில் குவாடலூப் ஆறு பெருகி, கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமுக்கு வந்த குழந்தைகள், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். நாங்கள் அந்த ஆற்றங்கரையில் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை இப்போது மூலை வீட்டிலும், எங்கள் பின்கட்டிலும்கூட மாட்டியிருக்கிறோம்.

இணைப்பால் நஷ்டம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. மூலை வீடு இப்போது நகரத்துக்குள். வாடகைத் தொழிலைத் தடுக்க முடியாவிட்டாலும் நகரத்தின் சத்த விதி அதற்குப் பொருந்துகிறது. கோடையில் இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் இருபது நிமிடத்துக்குள் நகரப் போலீஸ் வந்து சத்தம் நின்றது. டெசிபல் பேச்சே எழவில்லை.

சாக்கடைக் குழாய் இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டது. எங்கள் செப்டிக்குக்கு வயது முப்பதைத் தாண்டுகிறது, மாற்றினால் பெரிய செலவு. போன வாரம் என் கணவர் நகர அலுவலகத்திலிருந்து, நிலத்தை நகர எல்லைக்குள் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்தார், எங்கள் இரண்டு ஏக்கருக்கு. சேவை ஒப்பந்தத்தின் மாதிரியும் கூடவே இருக்கிறது. குழாய் எந்தத் தேதிக்குள், யார் செலவில், கிணற்றை மூடச் சொல்வார்களா, பின்கட்டு வீட்டை என்ன வகையில் பதிவார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த ஆட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு பாப்பா" என்றார். சனிக்கிழமை போகிறேன்.